ஹோலோகிராஃபிக் மீப்பாய்மத்தில் நிலைமாற்றம்: முதுகலைத் திட்டப்பணிக்கு எந்த மாதிரி?

வடகிழக்குப் பருவமழை ஓயும் வேளையில் முதுகலை இயற்பியல் மாணவர்கள் திட்டப்பணித் தலைப்போடு வந்து நிற்பது வழக்கம். இந்த முறை வந்த இருவரில் ஒருவர் லாஸ்பேட்டையில் குடியிருப்பவர். மற்றவர் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் வழியாக நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்கு வந்து போகிறவர். ஹோலோகிராஃபிக் மாதிரிகளில் மீப்பாய்ம நிலைமாற்றம் என்று தலைப்பை அவர்களே முடிவு செய்திருந்தார்கள். மீப்பாய்மம் என்பது உராய்வின்றிப் பாயும் பாய்மம்; அதைக் கருந்துளைக் கணக்காக மாற்றி எழுதுவது ஹோலோகிராஃபிக் மாதிரி. தலைப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஒரு தலைப்புக்குள் அரை டஜன் மாதிரிகள் அடங்கியிருக்கின்றன. எதை எடுத்துக்கொண்டால் ஏப்ரல் நடுவுக்குள், ஒரு மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு, நிலைமாற்றத்தைப் பற்றி உருப்படியாக ஒன்றைச் சொல்ல முடியும் என்பதுதான் முடிவு செய்யப்பட வேண்டியது. என் சாய்வை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புரோப் நிலையில் (அதாவது கருந்துளையின் காலவெளியை மாறாததாக வைத்துக்கொண்டு), பாய்ந்துகொண்டிருக்கும் மீப்பாய்மத்தை எடுப்பதே நல்லது. அதற்கான காரணங்களும், மற்றவற்றை நான் ஏன் தள்ளுகிறேன் என்பதும், தள்ளியவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதும் கீழே உள்ளன.

எல்லா மாதிரிகளுக்கும் அடித்தளம் ஒன்றே. 1997 இறுதியில் மால்டசேனா முன்வைத்த இருமையின்படி, வலுவான இடைவினை கொண்ட சில குவாண்டம் அமைப்புகளை, அவற்றைவிட ஒரு பரிமாணம் கூடுதலாக உள்ள எதிர் டி சிட்டர் காலவெளியின் ஈர்ப்புக் கணக்காக மாற்றி எழுதலாம். குவாண்டம் அமைப்பு அந்தக் காலவெளியின் எல்லையில் வாழ்வதாகக் கொள்கிறோம். அமைப்பின் வெப்பநிலை அங்கே கருந்துளையின் ஹாக்கிங் வெப்பநிலையாகிறது. துகள் அடர்த்தி அந்தக் கருந்துளையைச் சூழ்ந்த மின்புலமாகிறது. 2008 தொடக்கத்தில் ஸ்டீவன் கப்சர் ஓர் எளிய கவனிப்பைச் செய்தார். கருந்துளைக்கு வெளியே மின்னூட்டம் பெற்ற ஸ்கேலார் புலம் (திசை இல்லாத புலம்) ஒன்று இருந்தால், மின்னழுத்தம் அந்தப் புலத்தின் நிறை வர்க்கத்திலிருந்து ஒரு பகுதியைக் கழிக்கிறது. வெப்பநிலை போதிய அளவு தாழும்போது இந்தக் கழிவு மேலோங்கி, புலம் சுழியில் நிற்க முடியாமல் கருந்துளையைச் சுற்றி ஒரு போர்வைபோலப் படர்கிறது. மின்விசை அதை வெளியே தள்ளுகிறது. எதிர் டி சிட்டர் வெளியோ ஒரு மூடிய பெட்டியைப் போல அதைத் தப்பவிடாமல் தடுக்கிறது. அந்தப் போர்வைதான் எல்லையில் வாழும் அமைப்பின் கண்டன்சேட், அதாவது மீப்பாய்ம ஒழுங்கின் அளவு.

அதே ஆண்டில் ஹார்ட்னால், ஹெர்சாக், ஹோரோவிட்ஸ் ஆகிய மூவரும் இதை முழுமையான கணக்காகக் கட்டினார்கள். நான்கு பரிமாணக் கருந்துளை, நிறை வர்க்கம் கழித்தல் 2 கொண்ட ஸ்கேலார் புலம், ஒரு மாக்ஸ்வெல் (மின்காந்த) புலம், இவ்வளவுதான். மாறுநிலை வெப்பநிலை மின்னூட்ட அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் போல 0.118 மடங்காகவும், புலத்துக்கு எல்லையில் மற்றொரு நிபந்தனையைத் தேர்ந்தெடுத்தால் 0.226 மடங்காகவும் வந்தது. மாற்றம் இரண்டாம் வகை, அதாவது தொடர்ச்சியானது. கண்டன்சேட் மாறுநிலைக்கு அருகே வெப்பநிலை இடைவெளியின் வர்க்கமூலமாக வளர்கிறது. அவர்கள் இதை மீக்கடத்தி என்றே அழைத்தார்கள். கறாராகப் பார்த்தால், எல்லையில் உள்ள சமச்சீர்மை உலகளாவியது, அங்கே இயங்கும் மின்காந்தப் புலம் இல்லை. ஆகவே அது மீப்பாய்மம்தான். மாணவர்கள் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேட வேண்டும், இல்லையென்றால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாமல் போகும்.

இந்த அடிப்படை மாதிரியையே திட்டப்பணியாக எடுக்கலாமா என்று மஞ்சக்குப்பத்து மாணவர் கேட்டார். எடுக்கலாம், ஆறு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் நிலைமாற்றத்தைப் பற்றிச் சொல்ல அதில் புதிதாக எதுவும் மிஞ்சாது. வர்க்கமூல அடுக்கு வருவதற்குக் காரணம், இந்த மாதிரிகள் எண்ணற்ற உட்கூறுகளைக் கொண்ட அமைப்பைக் குறிப்பதால் ஏற்ற இறக்கங்கள் அடக்கப்பட்டு, சராசரிப் புலக் கோட்பாடே எஞ்சுவதுதான். உண்மையான ஹீலியம் 4, 2.17 கெல்வினில் மீப்பாய்மமாகும்போது, அதன் மீப்பாய்மப் பங்கு சுமார் 0.67 என்ற அடுக்கில் வளர்கிறது. சராசரிப் புலக் கணக்கோ 1 என்கிறது. இரு பரிமாணப் பரப்பில் முரண் இன்னும் கூர்மையானது. அங்கே சுழியல்லாத வெப்பநிலையில் இத்தகைய நீண்ட தூர ஒழுங்கே இருக்கக் கூடாது, ஹோலோகிராஃபிக் மாதிரியோ அதைக் கூசாமல் தருகிறது. ஆகவே அடுக்குகளை ஹீலியத்தோடு ஒப்பிட்டு மகிழும் நோக்கத்தில் யாரும் இந்தத் துறைக்கு வர வேண்டாம். இந்த மாதிரிகளிடம் கேட்கத் தகுந்த கேள்வி வேறு: மாற்றம் எந்த வகை, அந்த வகை எப்போது மாறுகிறது?

வகை என்பதைக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு அருகே ஐஸ் கம்பெனி பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாளமாக உறைந்த பனிக்கட்டி உருகும்போது, நீரும் பனியும் ஒரே வெப்பநிலையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கொடுக்கும் வெப்பம் எல்லாம் உள்ளுறை வெப்பமாகவே போகிறது. அது முதல் வகை. இரண்டாம் வகையில் அப்படி இரு நிலைகள் கூடி வாழ்வதில்லை. புதிய ஒழுங்கு சுழியிலிருந்து தொடர்ச்சியாக முளைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒரு வகை முடிந்து மற்றது தொடங்கும் புள்ளியை முக்கூட்டு மாறுநிலைப் புள்ளி என்கிறோம். ஒரு மாதிரி இந்தப் புள்ளியைத் தருமா, எந்தத் திருகைத் திருகினால் தரும், அந்தத் திருகுக்கு எல்லையில் பொருள் உண்டா என்ற மூன்று கேள்விகளை வைத்தே நான் மாதிரிகளை ஒப்பிடுகிறேன்.

மிக எளிதாக இந்தப் புள்ளியைத் தருவது ஸ்டுக்கெல்பெர்க் வகை மாதிரி. 2009-இல் ஃபிராங்கோ, கார்சியா-கார்சியா, ரோட்ரிகஸ்-கோமெஸ் ஆகியோர் அடிப்படை மாதிரியில் புலத்தின் வர்க்கம் வரும் இடத்தில் ஒரு பொதுச் சார்பை வைத்தார்கள். நான்காம் அடுக்கு உறுப்பின் கெழுவைப் போதிய அளவு கூட்டினால் மாற்றம் முதல் வகையாகிறது; வேறு அடுக்குகளைச் சேர்த்தால் வர்க்கமூலம் அல்லாத அடுக்குகளும் கிடைக்கின்றன. நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். இதை லாஸ்பேட்டை மாணவர் மிகவும் விரும்பினார். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. முதல் வகை மாற்றம் வேண்டும் என்று சார்பை நாமே எழுதிவிட்டு, முதல் வகை மாற்றம் வந்தது என்று முடிவுரை எழுதுவது, மணலில் நாமே புதைத்த காசை நாமே தோண்டி எடுப்பதைப் போன்றது. அந்தக் கெழு எல்லை அமைப்பில் எதைக் குறிக்கிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் சொல்வது கடினம். பயிற்சிக்கு நல்லது, திட்டப்பணியின் முதுகெலும்பாக வைக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிர்முனையில் சரக்கோட்பாட்டிலிருந்து இறக்கப்படும் மாதிரிகள் இருக்கின்றன. 2009-இல் கப்சரும் உடனாளர்களும் சரக்கோட்பாட்டிலிருந்தும், கவுண்ட்லெட், சானர், வைஸ்மன் ஆகியோர் எம்-கோட்பாட்டிலிருந்தும் இத்தகைய மீப்பாய்மங்களை வருவித்தார்கள். அங்கே நாம் திருகக்கூடிய கெழு எதுவும் இல்லை, எல்லாம் மேலிருந்தே நிர்ணயமாகிவிடுகிறது. அதுதான் அதன் மதிப்பு. நான்கு மாதத்தில் அந்த அடித்தளத்தைக் கற்று முடிப்பதே அரிது என்பதால் அதைப் பற்றி மேலும் பேசவில்லை. நிஷியோகா, ரியூ, தகயனாகி ஆகியோர் 2009-இல் தந்த சாலிட்டன் மாதிரியும் அழகானதே. அதில் கருந்துளை விளிம்பே இல்லை, சுழி வெப்பநிலையில் மின்காப்பு நிலையிலிருந்து மீப்பாய்மத்துக்கு மாற்றம் நிகழ்கிறது. விளிம்பில் வரும் எண்கணக்குத் தொல்லைகள் அதில் இல்லை என்பதும் ஒரு வசதி. ஆனால் வகை மாறுவதைக் காண வேண்டுமானால் காலவெளியின் வளைவையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும், அங்கே எளிமை போய்விடுகிறது.

எனவே உண்மையான போட்டி இரண்டு மாதிரிகளுக்கு இடையில்தான்: பேக்ரியாக்‌ஷனோடு கூடிய பி-அலை மீப்பாய்மம், புரோப் நிலையில் பாயும் எஸ்-அலை மீப்பாய்மம். எஸ்-அலை என்பது மேலே பார்த்த, கண்டன்சேட்டுக்குத் திசை இல்லாத ஸ்கேலார் வகை; பி-அலையில் கண்டன்சேட்டுக்குத் திசை உண்டு. புரோப் நிலையில் கருந்துளையின் காலவெளியை மாறாததாக வைத்துக்கொண்டு, அதன்மேல் புலங்களை மட்டும் தீர்க்கிறோம். பேக்ரியாக்‌ஷனில் புலங்கள் காலவெளியைத் திருப்பி வளைப்பதையும் கணக்கில் கொள்கிறோம்.

பி-அலை மாதிரியைக் கப்சரும் பூஃபுவும் 2008-இல் முன்வைத்தார்கள். தனி ஸ்கேலார் புலம் எதுவும் தேவையில்லை. மாக்ஸ்வெல் புலத்தின் பொது வடிவமான யாங்–மில்ஸ் புலத்தின் ஒரு கூறு மின்னழுத்தமாகவும் மற்றொரு கூறு கண்டன்சேட்டாகவும் செயல்படுகிறது, கண்டன்சேட்டுக்கு ஒரு திசை இருக்கிறது. 2009-இல் அம்மோன், எர்ட்மெங்கர், கிராஸ், கெர்னர், ஓபானன் ஆகியோர் ஐந்து பரிமாணத்தில் பேக்ரியாக்‌ஷனைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஈர்ப்பு இணைப்புக்கும் யாங்–மில்ஸ் இணைப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 0.365-ஐத் தாண்டியதும் இரண்டாம் வகை மாற்றம் முதல் வகையானது. இந்த விகிதத்துக்கு எல்லையில் பொருள் உண்டு: அமைப்பில் உள்ள மொத்த உட்கூறுகளில் மின்னூட்டம் பெற்றவை எவ்வளவு பங்கு என்பதை அது அளக்கிறது. ஆகவே என் மூன்று கேள்விகளிலும் இது தேறிவிடுகிறது. பேக்ரியாக்‌ஷனைக் கற்பதில் வேறொரு லாபமும் உண்டு. புரோப் நிலையில் மறைந்திருக்கும் நிகழ்வுகள் அங்கே வெளிவருகின்றன. எடுத்துக்காட்டாக, நான்கு பரிமாண எஸ்-அலை மாதிரியில் மின்னூட்டமே இல்லாத ஸ்கேலார் புலம்கூடக் குளிர்ந்த கருந்துளையருகே நிலைகுலையும். விளிம்பையொட்டிய இரு பரிமாணப் பகுதியில் அந்தப் புலத்தின் நிறை வர்க்கம் கழித்தல் மூன்றிலொன்றாகி, அங்கே பொறுக்கக்கூடிய கழித்தல் கால் என்ற வரம்புக்குக் கீழே விழுந்துவிடுகிறது. கப்சர் சொன்ன மின்னழுத்தக் காரணத்தோடு இதற்குத் தொடர்பே இல்லை.

தடை எங்கே என்றால் உழைப்பில்தான். ஐந்து சார்புகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தீர்க்க வேண்டும். திசை கொண்ட கண்டன்சேட் காலவெளியையும் திசைக்குத் திசை வேறாக இழுக்கிறது. முழு ஈர்ப்புச் செயலிலிருந்து கட்டிலா ஆற்றலை வருவிக்க எல்லையில் ஈடுசெய் உறுப்புகளைச் சேர்க்க வேண்டும். பொதுச் சார்பியலை ஒரு பருவப் பாடமாக முடித்தவர்க்கு இது இயலும். மாணவர் இருவரில் ஒருவர் அதை முடித்திருக்கிறார், மற்றவர் இப்போதுதான் தொடங்குகிறார்.

இனி நான் சாய்கிற பக்கம். 2008-இல் பாசு, முகர்ஜி, ஷீ ஆகிய மூவரும், அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹெர்சாக், கோவ்டுன், சோன் ஆகிய மூவரும், அடிப்படை மாதிரியோடு மாக்ஸ்வெல் புலத்தின் இடக்கூறு (இடத் திசையிலான கூறு) ஒன்றைச் சேர்த்தார்கள். எல்லையில் அந்தக் கூறு பெறும் மதிப்புதான் சாதாரணப் பாய்மத்தைச் சார்ந்து மீப்பாய்மம் நகரும் வேகம். அதற்கு அடுத்த உறுப்பு மீப்பாய்ம ஓட்டத்தைத் தருகிறது. தீர்க்க வேண்டியவை மூன்று சமன்பாடுகள், அவ்வளவே. மின்னழுத்தம் புலத்தின் நிறை வர்க்கத்தைக் குறைக்கிறது என்று முன்பு பார்த்தோம். இடக்கூறு அதைக் கூட்டுகிறது. ஒன்று ஒழுங்கை விதைக்க, மற்றது அதை அழிக்க முயல்கிறது. இந்தப் போட்டியின் விளைவாக, வேகம் குறைவாக இருக்கும்வரை மாற்றம் இரண்டாம் வகையாகவே இருந்து, வேகம் கூடக்கூட ஒரு முக்கூட்டு மாறுநிலைப் புள்ளியைக் கடந்து முதல் வகையாகிறது. இங்கே திருகு என்பது வேகம். மீப்பாய்மம் என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பதே அதுதான். நின்றுகொண்டிருக்கும் பாய்மத்தை வைத்து மீப்பாய்மத்தை ஆராய்வதில் எனக்கு எப்போதுமே சற்று மனக்குறை உண்டு.

இந்த மாதிரியில் ஒரு கண்ணி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இதே கணக்கைச் செய்தார். வேகத்தைக் கூட்டியதும் கண்டன்சேட்டின் வளைகோடு வெப்பநிலை அச்சில் நேராக இறங்காமல், வலப்பக்கம் வெளியே நீண்டு, பிறகு பின்னோக்கித் திரும்பி அச்சைத் தொட்டது. "சார், நிரலில் ஏதோ பிழை, ஒரே வெப்பநிலைக்கு இரண்டு விடை வருகிறது" என்றார். நானும் அவசரத்தில் படத்தைச் சரியாகப் பார்க்காமல், படிநீளத்தைக் குறைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் அவர் அந்தப் 'பிழை'யைத் துரத்திக்கொண்டிருந்தார். பின்னோக்கித் திரும்பும் அந்த வளைவுதான் முதல் வகை மாற்றத்தின் அடையாளம். ஒரே வெப்பநிலையில் இரண்டு கண்டன்சேட் விடைகளும் சுழி விடையும் சேர்ந்து இருக்க, கட்டிலா ஆற்றல் எதற்கு மிகக் குறைவோ அதுவே நிலைத்திருக்கும் நிலை. கட்டிலா ஆற்றலை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் தைலான்குருவியின் வால்போல இரு கிளையாகப் பிரியும் வடிவம் தெரியும். மாற்றம் நிகழ்வது வளைகோடு அச்சைத் தொடும் வெப்பநிலைக்கும் அது திரும்பும் வெப்பநிலைக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில்.

இதிலிருந்து மூன்று நடைமுறைச் செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஷூட்டிங் முறையில் (ஒரு முனையில் மதிப்புகளை ஊகித்து, மறுமுனை நிபந்தனை பொருந்தும்வரை திருத்தும் முறையில்) வெப்பநிலையைப் படிப்படியாக மாற்றிக்கொண்டு போனால் திருப்பத்தில் நிரல் நின்றுவிடும். கருந்துளை விளிம்பில் ஸ்கேலார் புலம் பெறும் மதிப்பை நாம் கொடுத்து, வெப்பநிலையை விடையாகப் பெற்றால் வளைகோடு முழுவதையும் தடையின்றிப் பின்தொடரலாம். இரண்டாவது, கணினியின்றி மாறுநிலை வெப்பநிலையைக் காணும் ஸ்டர்ம்–லியூவில் முறை இங்கே பாதி வழிக்குத்தான் வரும். 2010-இல் சியோப்சிஸ், தெரியன் ஆகியோர் அந்த முறையால் 0.118-க்குப் பதில் 0.117-ஐயும் 0.226-க்குப் பதில் 0.225-ஐயும் பெற்றார்கள்; ஒரு பக்கக் கணக்குக்கு வியக்கத்தக்க துல்லியம். ஆனால் அது காண்பது சுழிநிலை நிலைகுலையும் வெப்பநிலையை மட்டுமே. இரண்டாம் வகையில் அதுவும் மாற்ற வெப்பநிலையும் ஒன்று, முதல் வகையில் இரண்டும் வேறு. அந்த முறையை மட்டும் நம்பி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர் முக்கூட்டு மாறுநிலைப் புள்ளியைத் தாண்டியதை அறியாமலேயே தாண்டிவிடுவார்.

மூன்றாவது செய்தி, எதை நிலையாக வைக்கிறோம் என்பது. கெமிக்கல் பொட்டென்ஷியலையும் (எல்லையில் மின்னழுத்தம் பெறும் மதிப்பு) வேகத்தையும் நிலையாக வைத்தால், புலச்செயலிலிருந்து நேராகக் கட்டிலா ஆற்றல் கிடைக்கிறது. ஓட்டத்தை நிலையாக வைக்க வேண்டுமானால் லெஜாண்டர் மாற்றம் செய்ய வேண்டும். இது வெறும் கணக்குச் சடங்கு என்று நினைப்பவர்கள் சாதாரண கின்ஸ்பர்க்–லாண்டாவ் கோட்பாட்டில் மெல்லிய கம்பியைப் பார்க்கலாம்: வேகத்தை நிலையாக வைத்தால் ஒழுங்கு தொடர்ச்சியாக மறைகிறது, ஓட்டத்தை நிலையாக வைத்தால் திடீரென்று அறுந்துபோகிறது. ஆகவே ஹோலோகிராஃபிக் மாதிரியில் வேகத்தை நிலையாக வைத்தபோதே முதல் வகை தோன்றுவதுதான் கவனிக்கத் தக்கது. எளிய கின்ஸ்பர்க்–லாண்டாவ் வடிவம் அதைத் தராது. திட்டப்பணியின் மையக் கேள்வியாக இதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நான் சாயும் மாதிரியின் குறைகளையும் சொல்லாவிட்டால் ஒப்பீடு நேர்மையாகாது. புரோப் நிலையில் காலவெளி அசையாததால் வெப்பநிலையும் சாதாரணப் பாய்மத்தின் வேகமும் அசைவதில்லை. மீப்பாய்மத்தில் வெப்பம் அலையாகப் பரவுவதை முழுமையாக இதில் காண முடியாது. மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் புரோப் நிலையே நம்பத் தகாததாகிவிடும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2013-இல் அமாடோ, அரேயன், லேண்ட்ஸ்டைனர் முதலியோர் இந்தப் பாயும் மாதிரியின் சிறு அதிர்வுகளை, மீப்பாய்ம ஓட்டம் எந்த வேகம்வரை நிலைக்கும் என்று சொல்லும் லாண்டாவ் நிபந்தனையோடு வைத்து ஆராய்ந்தபோது, வேகம் போதிய அளவு கூடியதும் அந்த அதிர்வுகள் தணியாமல் வளரத் தொடங்குவதையும், குறிப்பிட்ட அலைநீளத்தில் அந்த வளர்ச்சி மிகுதியாக இருப்பதையும் கண்டார்கள். இடத்துக்கு இடம் மாறும், பட்டை பட்டையான நிலை ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்பது அதன் குறிப்பு. எனவே சீரான விடைகளின் கட்டிலா ஆற்றலை மட்டும் ஒப்பிட்டு வரையும் நிலைப்படத்தில், அதிவேகப் பகுதியைத் துணிந்து முதல் வகை என்று முத்திரை குத்தக் கூடாது. புள்ளிக்கோட்டால் வரைந்து, காரணத்தைப் படத்தின் அடியில் எழுத வேண்டும்.

பி-அலையையும் பாயும் எஸ்-அலையையும் நேருக்கு நேர் வைத்தால், நிலைமாற்றம் என்ற பொருளில் இரண்டும் சமமான செறிவு உடையவை. பி-அலையில் திருகு அமைப்பின் இயல்பையே மாற்றுகிறது. ஒவ்வொரு விகிதத்துக்கும் அது வேறோர் அமைப்பு. பாயும் மாதிரியில் அமைப்பு ஒன்றே, நாம் மாற்றுவது அதன் நிலையை. முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒரே பாய்மத்தில், ஒரே நிலைப்படத்தில் சந்திப்பதைப் பார்க்க விரும்புகிறவர்க்குப் பாயும் மாதிரியே பொருந்தும். முனைவர் பட்டத்துக்கு ஈர்ப்புக் கோட்பாட்டில் போகவிருப்பவர், பொதுச் சார்பியலை முடித்திருப்பவர், தவறினாலும் ஆறு மாதம் கூடுதலாக எடுத்துக்கொள்ளக் கூடியவர் பி-அலைக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். லாஸ்பேட்டை மாணவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மஞ்சக்குப்பத்து மாணவர் பாயும் மாதிரியை எடுத்துக்கொண்டார். நான் பெயர் சொன்ன கட்டுரைகள் ஆர்க்கைவ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பைத்தானில் சைபை தொகுப்பே கணக்குக்குப் போதும்.

முதல் வாரத்துக்கு அவரிடம் ஒரே வேலைதான் கொடுத்திருக்கிறேன். வேகத்தைச் சுழியாக வைத்து, விளிம்பிலிருந்து சற்று விலகித் தொடர் விரிவால் தொடங்கி, எல்லையில் ஸ்கேலார் புலத்தின் மூல உறுப்பு சுழியாகும் வரை விளிம்பு மதிப்புகளைத் திருத்தி, 0.118 என்ற எண்ணை மூன்று இலக்கத்துக்குப் பெற வேண்டும். அது வந்த பிறகு நிரலைத் தனிப் பிரதியாக எடுத்து வைத்துக்கொண்டு, வேகத்துக்கு மிகச் சிறிய ஒரு மதிப்பைக் கொடுத்து, வளைகோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கத் தொடங்கலாம்.